திருச்சிராப்பள்ளியில் சிறுவர் மறைக்கல்வி: இயேசு, மன்னிப்பு, வழிபாடு

சிறுவர் மறைக்கல்வி என்பது கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்த குழந்தைகளுக்கு இயேசுவின் வாழ்க்கை, அவரது போதனை, செபம், வழிபாட்டு முறை ஆகியவற்றைத் திருச்சபை ஒழுங்காகக் கற்பிக்கும் முறையாகும். கத்தோலிக்கர் இதை மறைக்கல்வி என்றும் ஞானோபதேசம் என்றும் அழைக்கின்றனர். தென்னிந்தியத் திருச்சபை, தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை போன்ற சீர்திருத்தச் சபைகளில் ஞாயிறு பள்ளி அல்லது ஓய்வுநாள் பள்ளி என்னும் பெயர் வழங்குகிறது. திருச்சிராப்பள்ளி இந்த இரு மரபுகளும் பல தலைமுறைகளாக அருகருகே வேரூன்றிய நகரம். இக்கட்டுரை அந்த மரபின் வரலாற்றையும், அதன் மையமான மன்னிப்பு என்னும் கருத்து குழந்தைகளுக்கு எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பதையும் விளக்குகிறது.

தொடக்க வரலாறு

தமிழில் அச்சான முதல் நூல்களே கிறிஸ்தவ மறைக்கல்விக்காக எழுந்தவை. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் அடிப்படைச் செபங்களை உள்ளூர் மக்களின் துணையுடன் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டி அவற்றைச் சொல்லிக்கொடுத்தார். கற்ற பிள்ளைகள் வீட்டுக்குச் சென்று பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லித்தர வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. அவருக்குப் பின் வந்த அன்றீக்கு அன்றீக்கசு அடிகளார் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்க நூலை அச்சிட்டார். அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’ ஆசிரியரும் மாணவரும் உரையாடும் வினாவிடை வடிவில் அமைந்தது. இந்த வடிவமே பின்வந்த மறைக்கல்வி நூல்களுக்கு நெடுங்காலம் முன்மாதிரியாக இருந்தது.

1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதக சுவாமிகள் எனப்பட்ட இராபர்ட் தெ நோபிலி ‘ஞானோபதேசம்’ என்னும் உரைநடை நூலை எழுதினார். அடுத்த நூற்றாண்டில் வீரமாமுனிவர் (1680–1747) ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணியாற்றினார். ஊர் ஊராகச் சென்று மறைக்கல்வி கற்பித்த வேதியர்கள் எவ்வாறு வாழவேண்டும் என்பதற்காக அவர் எழுதிய நூல் ‘வேதியர் ஒழுக்கம்’. கற்பிக்கும் பொருளோடு கற்பிப்பவரின் நடத்தையும் பாடத்தின் பகுதியே என்னும் கருத்து இந்நூலின் அடிப்படை.

சீர்திருத்தச் சபை மரபு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த பர்த்தலோமேயு சீகன்பால்குவுடன் தொடங்குகிறது. அவர் சிறுவர்களுக்கும் சிறுமிகளுக்கும் பள்ளிகள் நடத்தினார். மார்ட்டின் லூத்தர் 1529இல் வீட்டுத் தலைவர்கள் தம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்காக எழுதிய சிறிய வினாவிடை நூலைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். தரங்கம்பாடி மரபில் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919இல் அமைந்தது. அதன் தலைமையகம் இன்று திருச்சிராப்பள்ளியில் உள்ளது.

சுவார்ட்சும் கோட்டைப் பள்ளியும்

திருச்சிராப்பள்ளியில் சீர்திருத்தச் சபையின் கல்விப் பணிக்கு அடித்தளம் இட்டவர் கிறிஸ்தியான் பிரடெரிக் சுவார்ட்சு (1726–1798). பிரஷ்ய நாட்டவரான இவர் 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1762இல் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றார். அங்கு வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் இறந்தபோது பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக ஓர் இல்லத்தையும் பள்ளியையும் ஏற்படுத்தினார். 1766இல் மலைக்கோட்டைக்கு அருகே கிறிஸ்து ஆலயம் கட்டி முடிக்கப்பட்டது. எழுத்து, கணக்கு ஆகியவற்றோடு செபமும் பாட்டும் வினாவிடையும் அவருடைய பள்ளிகளில் கற்பிக்கப்பட்டன.

சுவார்ட்சு பின்னர் தஞ்சாவூருக்கு இடம்பெயர்ந்தார். திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) சிறுவயதில் அவரால் அழைத்துச் செல்லப்பட்டு அவரிடம் கல்வி கற்றார். வேதநாயகம் பின்னாளில் ‘பெத்லகேம் குறவஞ்சி’ உள்ளிட்ட நூல்களையும் ஏராளமான கீர்த்தனைகளையும் இயற்றினார். அவருடைய கீர்த்தனைகள் தமிழ்ச் சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன. ஐரோப்பிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகளோடு கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனைகளையும் குழந்தைகள் சேர்த்துக் கற்கும் வழக்கம் இவ்வாறு நிலைபெற்றது.

கல்கத்தா பேராயர் ரெஜினால்டு ஹீபர் 1826 ஏப்ரல் 3ஆம் நாள் காலை கோட்டை ஆலயத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் வழங்கினார். அன்றே குளிக்கச் சென்ற இடத்தில் இறந்தார். அவரது உடல் கண்டோன்மென்ட் பகுதியிலுள்ள புனித யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பெயரில் நகரில் பள்ளியும் கல்லூரியும் உள்ளன.

கத்தோலிக்கத் தரப்பில், 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பட்ட புனித வளனார் கல்லூரி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றப்பட்டது. தெப்பக்குளம் பகுதியிலுள்ள தூய லூர்து அன்னை ஆலயம், மேலப்புதூர் மரியன்னை பேராலயம், பாலக்கரை சகாய மாதா கோயில் ஆகியவை நகரின் முக்கிய கத்தோலிக்க வழிபாட்டிடங்கள்.

ஞாயிறு பள்ளியும் விடுமுறைப் பள்ளியும்

ஞாயிறு பள்ளி இயக்கம் 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் இராபர்ட் ரெய்க்ஸ் என்பவரால் பரவலானது. வாரத்தில் ஆறு நாளும் வேலை செய்த ஏழைச் சிறுவர்களுக்கு ஓய்வு நாளில் எழுத்தறிவு கொடுப்பதே அதன் முதல் நோக்கம். வேதாகமம் அவர்களுக்கு வாசிப்புப் பாடநூலாகவும் இருந்தது. அன்றாடப் பள்ளிகள் பெருகிய பின் எழுத்தறிவுப் பணி குறைந்து, சமயக் கல்வி மட்டும் எஞ்சியது. இந்திய ஞாயிறு பள்ளிச் சங்கம் 1876இல் தோன்றியது. விடுமுறை வேதாகமப் பள்ளி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் நியூயார்க்கில் தொடங்கிய முறை. தமிழ்நாட்டில் இது கோடை விடுமுறையில் சில நாட்கள் நடைபெறும். பாட்டு, கதை, கைவேலை, வசனம் ஒப்புவித்தல், விளையாட்டு ஆகியவை அதில் இடம்பெறும்.

ஞாயிறு பள்ளியில் குழந்தைகள் வயதுவாரியாகப் பிரிக்கப்படுகின்றனர். ஆசிரியர்கள் பெரும்பாலும் சபையின் இளைஞர்களும் பெண்களும், ஊதியம் பெறாதவர்கள். கத்தோலிக்கப் பங்குகளில் அருட்சகோதரிகளும் தன்னார்வ ஆசிரியர்களும் ஞாயிறு திருப்பலியை ஒட்டி வகுப்பெடுக்கின்றனர்.

இயேசுவை அறிமுகப்படுத்தும் முறை

சிறு குழந்தைகளுக்கு இயேசு முதலில் கதையாகவே அறிமுகமாகிறார். பெத்லகேமில் பிறப்பு, பன்னிரண்டு வயதில் ஆலயத்தில் போதகர்களோடு உரையாடியது, புயலை அமர்த்தியது, ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கொண்டு மக்கள் கூட்டத்துக்கு உணவளித்தது, சீடர்கள் தடுத்தபோதும் குழந்தைகளைத் தம்மிடம் வரவிட்டது ஆகியவை தொடக்க வகுப்புகளின் பாடங்கள். இயேசு கடவுளின் மகன், மனிதராகப் பிறந்தவர், சிலுவையில் இறந்து உயிர்த்தெழுந்தவர் என்னும் நம்பிக்கைக் கூறுகள் வயது ஏற ஏறச் சேர்க்கப்படுகின்றன.

சிலுவை மரணம் கற்பிப்பதற்குக் கடினமான பகுதி. இளம் குழந்தைகளிடம் துன்பக் காட்சிகளை விரிவாகச் சொல்வதைப் பல ஆசிரியர்கள் தவிர்க்கின்றனர். இயேசு இறந்ததற்குத் தானே காரணம் என்று அஞ்சும் குழந்தையும், கடவுள் தண்டிப்பவர் என்று மட்டும் நினைவில் கொள்ளும் குழந்தையும் உண்டு. எனவே சிலுவையையும் உயிர்ப்பையும் ஒரே பாடமாகச் சொல்வதும், துன்புறுத்தியவர்களுக்காகவும் இயேசு வேண்டினார் என்பதை முன்வைப்பதும் நல்ல முறையாகக் கருதப்படுகிறது. பெரிய வெள்ளியன்று சீர்திருத்தச் சபைகளில் இயேசுவின் ஏழு சிலுவை மொழிகள் தியானிக்கப்படும். அவற்றுள் முதலாவது, தம்மைச் சிலுவையில் அறைந்தவர்களை மன்னிக்கும்படி அவர் தந்தையிடம் வேண்டியது.

மன்னிப்பைக் கற்பித்தல்

மன்னிப்பு என்பதைக் குழந்தைகள் பெரும்பாலும் ‘சாரி’ என்ற ஒரு சொல்லாகவே அறிந்திருப்பர். தவறு செய்த குழந்தை சாரி சொல்ல வேண்டும்; பாதிக்கப்பட்ட குழந்தை பரவாயில்லை என்று சொல்ல வேண்டும்; அத்துடன் விவகாரம் முடிந்தது. கிறிஸ்தவ மறைக்கல்வி இதைவிடக் கூடுதலான ஒன்றைச் சொல்ல முயல்கிறது. அதற்குப் பின்வரும் நான்கு கதைகள் பெரிதும் பயன்படுகின்றன.

1. ஊதாரி மைந்தன் (லூக்கா 15): சொத்தைப் பிரித்து வாங்கிச் சென்று அழித்துவிட்ட மகன் திரும்பி வருகிறான். தொலைவில் வரும்போதே தந்தை ஓடிச்சென்று தழுவுகிறார். வீட்டிலேயே உழைத்த மூத்த மகன் கோபித்து உள்ளே வர மறுக்கிறான். அவன் உள்ளே வந்தானா என்பதைக் கதை சொல்வதில்லை. அந்த முடிவைக் குழந்தைகளிடமே கேள்வியாக விடலாம்.

2. மன்னிக்காத பணியாளன் (மத்தேயு 18): பத்தாயிரம் தாலந்து கடன்பட்டவனுக்கு அரசர் முழுக் கடனையும் தள்ளுபடி செய்கிறார். அவனோ தன்னிடம் நூறு தெனாரியம் கடன்பட்ட உடன் பணியாளனைச் சிறையில் அடைக்கிறான். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அவன் மன்னிக்க மறுத்த கடன் 50,000 ரூபாய். அவனுக்கு மன்னிக்கப்பட்ட கடன் 3,000 கோடி ரூபாய். நூறு நாள் கூலி சிறு தொகை அன்று. பாதிக்கப்பட்டவரின் இழப்பு உண்மையானதே. ஆயினும் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இந்தக் கணக்கு நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்குத் தெளிவாகக் காட்டும்.

3. சக்கேயு (லூக்கா 19): காட்டத்தி மரத்தில் ஏறி இயேசுவைப் பார்த்த வரி வசூலிப்பவர். இயேசு அவர் வீட்டுக்குச் செல்கிறார். சக்கேயு தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் உறுதியளிக்கிறார். மன்னிப்புப் பெற்றவர் தாம் செய்த சேதத்தைச் சரிசெய்யவும் வேண்டும் என்பதை இக்கதை உணர்த்துகிறது. உடைத்த பென்சிலுக்குச் சாரி சொல்வதோடு வேறொரு பென்சில் வாங்கித் தருவதும் சேரும்.

4. யோசேப்பும் சகோதரர்களும் (தொடக்கநூல் 37–45): தம்பியை விற்ற அண்ணன்மார் பஞ்ச காலத்தில் அவர் முன்னே வந்து நிற்கின்றனர். யோசேப்பு உடனே தன்னை வெளிப்படுத்தவில்லை. அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று சோதித்த பிறகே அழுது தழுவிக்கொள்கிறார். மன்னிப்பதற்குக் காலம் எடுக்கலாம் என்பதற்கு இக்கதை சான்று.

கத்தோலிக்கக் குழந்தைகளுக்கு மன்னிப்பு ஓர் அருட்சாதனமாகவும் கற்பிக்கப்படுகிறது. திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910இல் வெளியிட்ட ஆணையின்படி, விவரம் அறியும் வயதான ஏறத்தாழ ஏழு வயது முதல் குழந்தைகள் ஒப்புரவு அருட்சாதனத்தையும் புதுநன்மையையும் பெறலாம். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து படிகள் சொல்லித்தரப்படுகின்றன: செய்ததை நினைத்துப் பார்த்தல், அதற்காக வருந்துதல், இனிச் செய்வதில்லை என்று உறுதிகொள்ளுதல், குருவிடம் அறிக்கையிடுதல், அவர் கூறும் பரிகாரத்தை நிறைவேற்றுதல். சீர்திருத்தச் சபைகளில் தனி அறிக்கை கட்டாயமில்லை. சபையார் அனைவரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வர்.

மன்னிப்பின் எல்லைகள்

மன்னிப்பைத் தவறாகக் கற்பித்தால் குழந்தைக்குத் தீங்கு நேரும். ஒருவர் குழந்தையை அடித்தாலோ தகாத முறையில் தொட்டாலோ, மன்னித்துவிடு, யாரிடமும் சொல்லாதே என்பது மன்னிப்பாகாது. அது குற்றத்தை மறைப்பது. தீங்கு செய்தவர் ஆசிரியராகவோ ஊழியராகவோ உறவினராகவோ இருந்தாலும் அதைப் பெரியவர்களிடம் சொல்வது பாவமல்ல என்று வகுப்பில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இத்தகைய குற்றத்தை அறிந்தவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். குழந்தைகள் உதவி எண் 1098.

மன்னிப்பதற்கும் மீண்டும் நம்புவதற்கும் வேறுபாடு உண்டு. திருடியவனை மன்னிக்கும் குழந்தை தன் பையைப் பூட்டி வைக்கலாம். கோபம் தணியாத குழந்தையைக் கட்டாயப்படுத்திக் கைகுலுக்க வைத்தால், மன்னிப்பு என்பது பெரியவர்களுக்காக நடிப்பது என்றே அது கற்றுக்கொள்ளும். முதலில் நடந்ததைக் கேட்பதும், நேர்ந்தது தவறுதான் என்று ஒப்புக்கொள்வதும், பின்னர் மன்னிப்பைப் பற்றிப் பேசுவதும் பொருத்தமான வரிசை.

வழிபாட்டில் மன்னிப்பு

மன்னிப்புப் பாடம் வாரந்தோறும் நிகழ்வது வழிபாட்டில்தான். கத்தோலிக்கத் திருப்பலியிலும், தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் திருச்சபை ஆகியவற்றின் நற்கருணை ஆராதனையிலும் பாவ அறிக்கை முன்னதாகவே இடம்பெறுகிறது. குரு மன்னிப்பின் சொற்களைக் கூறுகிறார். பின்னர் அனைவரும் இயேசு கற்பித்த செபத்தைச் சொல்கின்றனர். கடவுளிடம் மன்னிப்பு வேண்டுவதும் பிறரை மன்னிப்பதும் அச்செபத்தில் ஒரே விண்ணப்பமாக இணைந்துள்ளன. சபையார் ஒருவருக்கொருவர் சமாதானம் கூறும் சடங்கும் உண்டு. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை 1950இல் வெளியிட்ட நற்கருணை ஆராதனை முறையில், இச்சமாதானம் திருமேசையிலிருந்து தொடங்கிக் கைக்குக் கையாக ஆலயம் முழுவதும் பரவும். கேட்டல், பெறுதல், கொடுத்தல் என்னும் மூன்றையும் குழந்தை ஒரே ஆராதனையில் காண்கிறது.

காணிக்கை செலுத்தும் முன் மனத்தாங்கல் கொண்ட சகோதரனிடம் போய் ஒப்புரவாக வேண்டும் என்பது இயேசுவின் போதனை (மத்தேயு 5). இப்போதனை சபைகளுக்கே சோதனையாக அமைந்தது. தமிழ்நாட்டின் ஆலயங்கள் பலவற்றில் சாதி அடிப்படையில் தனித்தனி இருக்கைகள் இருந்தன. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் ஆங்கிலிக்க சபைகளில் சாதி வேறுபாடுகளைக் கைவிட ஆணையிட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது; எதிர்த்தவர்களுள் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். சமாதானம் கூறும் சடங்கில் குழந்தை யாருடைய கையைப் பிடிக்கிறது, யாருடைய கையைப் பிடிக்க விடப்படுவதில்லை என்பது வினாவிடை நூலைவிட அழுத்தமாக அதன் மனத்தில் பதியும்.

குழந்தைகள் வழிபாட்டில் பங்கெடுக்கும் வேறு வழிகளும் உள்ளன. பீடச் சிறுவராகப் பணிசெய்தல், கிறிஸ்துமஸ் குடில் அமைத்தல், கேரல் பாடுதல், குருத்தோலை ஞாயிறன்று ஓலை ஏந்திப் பவனி வருதல், தவக்காலத்தில் சிலுவைப்பாதையின் 14 நிலைகளைச் சுற்றிவருதல் ஆகியவை அவற்றுள் சில. தென்னிந்தியத் திருச்சபையில் வளரிளம் பருவத்தில் பேராயரிடம் திடப்படுத்தல் பெறுவர். பெந்தெகொஸ்தே சபைகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விவரம் அறிந்து அவர்களே முன்வரும்போது கொடுக்கின்றன.

பல சமயச் சூழல்

திருச்சிராப்பள்ளியின் கிறிஸ்தவக் குழந்தை மலைக்கோட்டைப் பிள்ளையாரையும் காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கம் கோபுரத்தையும் பார்த்து வளர்கிறது. கிறிஸ்தவ நிருவாகப் பள்ளிகளில் இந்து, இஸ்லாமியக் குழந்தைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கின்றனர். இந்திய அரசியலமைப்பின் 28(3) பிரிவின்படி, அரசு ஏற்போ நிதியுதவியோ பெற்ற பள்ளியில் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளுமாறு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது; சிறுவராயின் பாதுகாவலரின் இசைவு வேண்டும். இதனால் பல பள்ளிகளில் கிறிஸ்தவ மாணவர்களுக்கு மறைக்கல்வியும் மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வியும் தனித்தனியே நடைபெறுகின்றன. சுவார்ட்சின் பராமரிப்பில் வளர்ந்த தஞ்சை இளவரசர் இரண்டாம் சரபோஜி இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தார். ஆயினும் சுவார்ட்சின் நினைவாகத் தஞ்சைக் கோட்டை ஆலயத்தில் சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் சிற்பத்தை நிறுவச் செய்தார்.

மன்னிப்பு கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரிய கருத்தன்று. எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் திருக்குறளின் பொறையுடைமை அதிகாரத்தைப் படிக்கின்றனர். பிழைசெய்த அடியாருக்காகத் தாயார் பெருமாளிடம் பரிந்து பேசுவதை ஸ்ரீவைஷ்ணவர் புருஷகாரம் என்பர். ஸ்ரீரங்கத்துக் குழந்தைக்கு அது பழகிய கருத்து. கிறிஸ்தவ மறைக்கல்வியின் தனி அழுத்தம், முன்னரே மன்னிக்கப்பட்டவன் என்பதால் நீயும் மன்னி என்பதாகும். இதைப் பிற சமயங்களைத் தாழ்த்தாமல் சொல்ல முடியும். ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் நண்பனைப் பற்றி இழிவாகக் கேட்கும் குழந்தை, அவனோடு சண்டை வந்த நாளில் மன்னிப்புக் கேட்கத் தயங்கும்.